வடக்கு கேட் வழியாகக் கென்யா

பிள்ளைகளே, உலகத்தில் எத்தனையோ விமான நிலையங்கள் இருக்கின்றன. அத்தனையும் சேர்ந்து திருப்பி அனுப்பிய ஆட்களைவிட, புதுச்சேரி சாரம் பகுதியில் எங்கள் தெருவில் ஒரே ஒரு மனிதர் திருப்பி அனுப்பிய ஆட்கள் அதிகம். அவர்தான் இமிகிரேசன் மாமா. அவருக்கு அம்மா அப்பா வைத்த பெயர் ஒன்று ரேஷன் கார்டில் இருக்கும். தெருவில் யாருக்கும் அது தேவைப்படவில்லை. இத்தனைக்கும் மாமாவிடம் பாஸ்போர்ட் கிடையாது. வடக்கே மரக்காணத்தையும் தெற்கே கடலூரையும் தாண்டி அவர் போய் யாரும் பார்த்ததில்லை.

இமிகிரேசன் என்றால் என்னவென்று உங்களில் சிலருக்குத் தெரியாமல் இருக்கலாம். எனக்கும் ரொம்ப நாள் தெரியாது. வேறு நாட்டில் போய் இறங்கினால், அங்கே கண்ணாடி வைத்த மேஜைக்குப் பின்னால் ஓர் அதிகாரி உட்கார்ந்திருப்பார். நம் பாஸ்போர்ட்டை வாங்கிப் புரட்டுவார். எதற்கு வந்தாய், எங்கே தங்குவாய், எப்போது திரும்பிப் போவாய் என்று கேட்பார். பதில் சரியாக இருந்தால் முத்திரை குத்தி உள்ளே விடுவார். இல்லாவிட்டால் அடுத்த விமானத்தில் ஏற்றி வந்த வழியே அனுப்பிவிடுவார். இந்த வேலையைத்தான் மாமா சம்பளம் இல்லாமல் தன் வீட்டு வாசலில் செய்துகொண்டிருந்தார்.

அவர் முன்பு எங்கள் ஊர்த் துணி மில்லில் வடக்கு கேட் காவல்காரர். மில்லில் ஒரு வழக்கம் உண்டு. உள்ளே வருகிறவரை யாரும் நிறுத்த மாட்டார்கள். வேலை செய்ய வருகிறவனிடம் என்ன இருக்கப்போகிறது? வெளியே போகிறவரைத்தான் நிறுத்துவார்கள். இடுப்பில் நூல் சுற்றியிருக்கிறானா, சாப்பாட்டுத் தூக்கின் அடித்தட்டில் துணி மடித்து வைத்திருக்கிறானா என்று தடவிப் பார்ப்பார்கள். வேலை நேரத்தில் வெளியே போகவேண்டும் என்றால் மேலதிகாரி கையெழுத்துப் போட்ட மஞ்சள் சீட்டு வேண்டும். எதற்குப் போகிறாய், எப்போது திரும்பி வருவாய் என்று அதில் எழுதியிருக்க வேண்டும். ஒருமுறை மில் மேனேஜரையே மாமா மஞ்சள் சீட்டு இல்லை என்று நிறுத்திவிட்டார். மேனேஜர் திரும்பிப் போய், தனக்குத் தானே சீட்டு எழுதி, தானே கையெழுத்தும் போட்டு எடுத்துவந்தார். மாமா அந்தக் கையெழுத்து மேனேஜருடையதுதானா என்று உற்றுப் பார்த்துவிட்டு அனுப்பினார்.

பிறகு மில்லை மூடினார்கள். மற்றவர்கள் ஆட்டோ ஓட்டப் போனார்கள், பெயின்ட் அடிக்கப் போனார்கள். மாமாவுக்குத் தெரிந்தது கேட் ஒன்றுதான். மில் இரும்பு பழைய சாமான் கடைக்குப் போனபோது, அவர் கடைக்காரரிடம் பேசி வடக்கு கேட்டை வாங்கிவந்து தன் வீட்டுக்கு முன்னால் நட்டார். அது லாரி போகிற கேட். மாமாவின் வீட்டைவிட அகலம். வீட்டை முழுவதும் மறைத்துவிட்டு, பக்கத்து வீட்டையும் கொஞ்சம் மறைத்தது. பெரிய கதவில் ஆள் மட்டும் நுழைகிற மாதிரி ஒரு குட்டிக் கதவு இருந்தது. மாமா, மாமி, பால்காரர் எல்லாரும் அது வழியாகத்தான் குனிந்து போய் வந்தார்கள். கேட்டோடு கூட ஒரு ரப்பர் சீலும் வந்தது. ‘வடக்கு கேட் – சரிபார்க்கப்பட்டது’ என்று ஊதா மையில் விழும்.

எதிர்வீட்டுப் பையன் ஒருவன் துபாய்க்கு வேலைக்குக் கிளம்பினான். அங்கே கேள்வி கேட்பார்களாமே என்று தெரு முழுக்க விசாரித்துக்கொண்டிருந்தான். “இங்க வந்து நில்லுடா, நான் கேக்கறேன்” என்றார் மாமா. கேட்டார். அவன் திணறினான். மாமா அவனைத் திருப்பி அனுப்பினார். மறுநாள் வந்தான். திரும்பவும் அனுப்பினார். கடைசியில் துபாயில் அவனை யாரும் எதுவும் கேட்கவில்லை என்பது வேறு விஷயம். ஆனால் அன்றிலிருந்து எங்கள் தெருவில் யார் வெளிநாடு போனாலும் முதலில் மாமாவின் குட்டிக் கதவுக்கு முன்னால் நின்று பதில் சொல்லிவிட்டுத்தான் போக வேண்டும் என்று ஆகிவிட்டது.

தெருக்கோடியில் முஸ்யே, அதாவது பிரெஞ்சில் ஐயா, என்று எல்லாரும் கூப்பிடுகிற ஒருவர் இருக்கிறார். பிரெஞ்சு ராணுவத்தில் வேலை பார்த்து பென்ஷன் வாங்குபவர். பிரெஞ்சு பாஸ்போர்ட் வைத்திருப்பவர். பாரிசில் இருக்கும் மகளைப் பார்க்க வருடா வருடம் போவார். அவரையும் மாமா விடவில்லை.

“எங்க போறீங்க முஸ்யே?”

“பிரான்சுக்கு.”

“எதுக்கு?”

“அது என் நாடுய்யா. என் நாட்டுக்கு நான் போறதுக்கு எதுக்குன்னா என்னா சொல்றது?”

“அது உங்க நாடுன்னா இங்க எதுக்கு இருக்கீங்க?”

முஸ்யே கடல் இருக்கும் பக்கம் கையைக் காட்டினார். “இங்க மீன் நல்லாருக்கும்” என்றார்.

“திரும்பி எப்ப வருவீங்க?”

“குளுரு ஆரம்பிக்கறதுக்குள்ள வந்துடுவேன்.”

“தேதி இல்ல. போயிட்டு நாளைக்கு வாங்க.”

முஸ்யே வீட்டுக்குப் போய் மகளுக்குப் போன் செய்து, இந்தத் தடவை வர முடியுமா தெரியவில்லை என்று சொன்னாராம்.

இப்போது என் கதைக்கு வருகிறேன். நான் புதுச்சேரி மேட்டுப்பாளையத்தில் ஒரு கம்பெனியில் லேத் ஓட்டுகிறேன். என் மனைவி செலின் நர்ஸ். அவளுக்குக் கென்யாவில், ஒரு பெரிய ஏரிக்கரை ஊரில் இருக்கும் ஆஸ்பத்திரியில் வேலை கிடைத்தது. வீட்டு நிலைமை அப்படி. போனாள். அவள் போனபோது என் மகள் ஜெனி இரண்டாம் வகுப்பு. மகன் லூயிக்குப் பேச்சே சரியாக வரவில்லை.

அதனால் லூயிக்கு அம்மா என்றால் என் போன்தான். காலையில் எழுந்ததும் போனுக்கு முத்தம் கொடுப்பான். சார்ஜ் இறங்கிப் போன் அணைந்துவிட்டால், “அம்மா தூங்கிட்டாங்க” என்று எல்லாரையும் சத்தம் போடாமல் இருக்கச் சொல்வான். ஒருமுறை போன் கையிலிருந்து விழுந்து மூலையில் விரிசல் விட்டது. அன்று முழுக்க அம்மாவுக்குத் தேங்காய் எண்ணெய் தடவிக்கொண்டிருந்தான். போனை ரிப்பேர் கடையில் கொடுத்தபோது கடைக்காரர் என்னைப் பார்த்த பார்வை இன்னும் நினைவிருக்கிறது.

கிறிஸ்துமசுக்கு மட்டும் செலினுக்கு லீவு கிடைத்தது. இந்தியா வந்து போகிற அளவுக்கு இல்லை. நாங்கள் போனால் பார்க்கலாம். அதைத் தவறவிட்டால் அடுத்த லீவு எப்போது என்று யாருக்கும் தெரியாது. தினமும் போனில் அவள் முதலில் கேட்பது, “தம்பி என்னத் தேடறானா?” என்பதுதான். நான் தேடுகிறான் என்பேன். அவன் போனைத் தேடுகிறான், அவளைத் தேடுகிறானா என்று எனக்கே தெரியவில்லை. இன்னும் கொஞ்ச நாள் போனால் நேரில் பார்த்து யார் இவர்கள் என்று கேட்டுவிடுவானோ என்று எனக்குப் பயம். அவளுக்கும் அதே பயம் என்று அந்தக் கேள்வியிலேயே தெரியும்.

ஆகவே கிளம்பினோம். பிள்ளைகளே, ஒரு நாட்டுக்குப் போவது என்பது பஸ் ஏறிக் கடலூர் போவது போல இல்லை. பாஸ்போர்ட் ஊர் போய்ச் சேர்ந்த பிறகும் ஆறு மாதமாவது செல்ல வேண்டும். உள்ளே வெற்றுப் பக்கம் இருக்க வேண்டும். கென்யாவுக்கு இப்போது முன்பு மாதிரி விசா இல்லை. அதற்குப் பதிலாக, கிளம்பும் முன்பே கம்ப்யூட்டரில் விண்ணப்பம் போட்டு அனுமதி வாங்க வேண்டும். கைக்குழந்தையானாலும் தனி அனுமதி. போட்டோ, தங்கும் இடம், போக வர டிக்கெட் எல்லாம் காட்ட வேண்டும். அம்மா கூட வராமல் அப்பா மட்டும் பிள்ளைகளைக் கூட்டிப் போனால், அம்மாவின் சம்மதக் கடிதமும் பிறப்புச் சான்றிதழும் கையில் இருப்பது நல்லது. இவன் யார் பிள்ளை என்று கேட்பார்கள் அல்லவா? அப்புறம் மஞ்சள் காய்ச்சல் ஊசி. கிளம்புவதற்குப் பத்து நாளாவது முன்னால் போட்டுக்கொள்ள வேண்டும். அதற்கு ஒரு மஞ்சள் அட்டை கொடுப்பார்கள். அந்த அட்டை இல்லாமல் திரும்பி வந்தால், நம் ஊர் விமான நிலையத்திலேயே பிடித்துத் தனியாகக் கொண்டுபோய் வைத்துவிடுவார்கள். இதெல்லாம் நாங்கள் போனபோது இருந்த விதி. விதி மாறிக்கொண்டே இருக்கும். நீங்கள் போகும்போது விசாரித்துக்கொண்டு போங்கள்.

நான் இதையெல்லாம் மாமாவிடம் சொல்லவில்லை. அவரே வந்தார். “தம்பி, புள்ளைங்கள சாயந்தரம் அனுப்பு” என்றார்.

பழைய நோட்டுகளின் நீல அட்டையை வெட்டித் தைத்து ஜெனிக்கும் லூயிக்கும் பொய்ப் பாஸ்போர்ட் செய்து கொடுத்தார். தினமும் பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் இருவரும் அதை எடுத்துக்கொண்டு குட்டிக் கதவுக்கு முன்னால் நிற்பார்கள். மாமா உள்பக்கம் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து, முகத்தைக் கென்யா அதிகாரி மாதிரி வைத்துக்கொள்வார். கென்யா அதிகாரியின் முகம் எப்படி இருக்கும் என்று அவருக்குத் தெரியாது. மில் மேனேஜர் முகத்தை வைத்துக்கொண்டார்.

ஜெனி எல்லாவற்றுக்கும் பதில் சொன்னாள். பேர் என்ன, கூட வருவது யார், எங்கே தங்குவாய், எப்போது திரும்புவாய். மாமா பொய்ப் பாஸ்போர்ட்டில் ஒரு சீல், அவள் உள்ளங்கையில் ஒரு சீல் குத்தி அனுப்பினார். அவள் அந்தக் கையைத் தெரு முழுக்கக் காட்டிக்கொண்டு வந்தாள்.

லூயி நின்றான்.

“பேரு?”

“லூயி.”

“கூட வர்றது யாரு?”

“அப்பா.”

“அம்மா எங்க இருக்காங்க?”

“போன்ல.”

மாமா பாஸ்போர்ட்டைத் திருப்பிக் கொடுத்தார். “போன்ல இருக்கற அம்மாவப் பாக்க பிளேன் எதுக்குடா? அனுமதி இல்ல. அடுத்தவங்க வாங்க.”

அடுத்தவர் யாரும் இல்லை. லூயிதான் திரும்பவும் வரிசையில் நின்றான். திரும்பவும் அதே பதில். நானும் வீட்டில் சொல்லிக்கொடுத்துப் பார்த்தேன். கென்யாவில் என்று சொல்லுடா என்றால், போனை எடுத்து வந்து, “இதோ இருக்காங்களே” என்பான். அவன் பார்த்ததைச் சொல்கிறான். அதில் என்ன தப்பு என்று மாமாவிடம் கேட்டேன். “அங்க போயி இதே பதிலச் சொன்னா, புள்ளயக் கடத்திக்கினு வந்துட்டேன்னு உன்னப் புடிச்சி உள்ள வெப்பான். அப்ப செலினு வெளில நின்னு அழுவும்” என்றார். மறுநாள் லூயியை நானே கூட்டிப் போய் வரிசையில் நிறுத்தினேன்.

ஊசி போட்டுக்கொண்டு வந்த அன்று மாமா மூவரின் கையையும் திருப்பித் திருப்பிப் பார்த்தார். “மஞ்சளாவே இல்லியே” என்றார். அது காய்ச்சலின் பெயர் என்று சொன்னேன். அரை மனதாக ஒப்புக்கொண்டார். ஆனால் மஞ்சள் அட்டையைப் பார்த்ததும் முகம் மலர்ந்துவிட்டது. திரும்பி வருவதற்குத்தான் இது வேண்டும் என்று சொன்னபோது இன்னும் மலர்ந்தது. “நம்ம மில்லு சீட்டுதான் இது. உலகம் பூரா ஒரே ரூலு” என்றார்.

அடுத்தது பெட்டி. வெளியே போகிற பெட்டியைத் திறந்து பார்க்காமல் விட்டால் அவர் வடக்கு கேட் ஆளே இல்லை. கென்யாவுக்குள் பிளாஸ்டிக் பை கொண்டுபோகக் கூடாது என்று செலின் சொல்லியிருந்தாள். நம் வீடுகளில் பிளாஸ்டிக் கவர் இல்லாமல் ஒரு ஊறுகாய் பாட்டிலாவது பெட்டிக்குள் போகுமா? மாமா முறுக்கை எடுத்து வெளியே வைத்தார். மிளகாய்ப் பொடியை எடுத்து வெளியே வைத்தார். எல்லாவற்றையும் துணிப் பையில் மாற்றச் சொன்னார். கடைசியில் ஜெனியின் ஷூ லேசை உருவி, அதன் முனையில் இருந்த துளி பிளாஸ்டிக்கைக் கண்ணாடி போட்டுப் பார்த்து வெகு நேரம் யோசித்தார். பிறகு அதை மட்டும் மன்னித்தார்.

கருவாட்டை மன்னிக்கவில்லை. செலின் ஆசையாகக் கேட்டாள் என்று வைத்திக்குப்பத்தில் மீன் விற்கிற தெரிந்த அம்மாவிடம் சொல்லி நெத்திலிக் கருவாடு வாங்கியிருந்தேன். பேப்பரில் சுற்றி, அதன்மேல் பழைய வேட்டியைச் சுற்றி, அதை டவலுக்குள் வைத்து, டவலைப் பெட்டியின் அடியில் வைத்திருந்தேன். மாமா பெட்டியைத் தொடவே இல்லை. தெருவைக் காட்டினார். எங்கள் தெருப் பூனைகள் எல்லாம் கேட்டுக்கு வெளியே வரிசையாக உட்கார்ந்திருந்தன.

“கென்யாவுல பூனை இல்லியா தம்பி?”

இருக்கும் என்றேன்.

“அப்புறம் என்னா.”

கருவாட்டை மாமியிடம் கொடுத்துவிட்டேன். அன்று மாமா வீட்டில் கருவாட்டுக் குழம்பு. அதிகாரி பறிமுதல் செய்த பொருள் எங்கே போகிறது என்று அன்று தெரிந்துகொண்டேன்.

இதுவரை சிரித்தோம். இனிமேல்தான் விஷயம்.

லூயிக்கு உள்ளங்கையில் சீல் விழவே இல்லை. அக்கா கை தினமும் ஊதா. அவன் கை வெறும் கை. அவன் தன் நான்கு வயதுக்கு எட்டிய அளவு யோசித்தான். பொய்ப் பாஸ்போர்ட் என்பதால்தான் மாமா விடவில்லை என்று முடிவு செய்தான். மேஜைமேல் நான் எடுத்து வைத்திருந்த தன் நிஜப் பாஸ்போர்ட்டை எடுத்துக்கொண்டு போனான். அதுவும் நீலம், இதுவும் நீலம். சாயங்கால வெளிச்சம். மாமா கண்ணாடியை நெற்றியில் ஏற்றி வைத்திருந்தார்.

அன்றும் அவன் போன்ல என்றுதான் சொன்னான். ஆனால் சொல்லிவிட்டு அழுதான். அதுவரை அவன் அழுததில்லை. மாமாவுக்கு மனசு தாங்கவில்லை. பதில் தப்பு என்று தெரிந்தும் அவர் ஒரு ஆளை வெளியே விட்டது அது ஒன்றுதான். கதவுக்குள்ளிருந்து கையை நீட்டி, பக்கத்தைப் பிரித்து, ஓங்கி ஒரு சீல் குத்தினார். வடக்கு கேட். சரிபார்க்கப்பட்டது.

குத்திய பிறகுதான் பக்கம் வழவழவென்று இருப்பது அவர் விரலுக்குத் தெரிந்தது. கண்ணாடியை இறக்கிப் பார்த்தார்.

பிள்ளைகளே, பாஸ்போர்ட்டில் அரசாங்கம் தவிர வேறு யாரும் ஒரு புள்ளிகூட வைக்கக் கூடாது. விளையாட்டு முத்திரை இருந்த பாஸ்போர்ட்டோடு போய் விமானத்தில் ஏற்றாமல் திருப்பி அனுப்பப்பட்டவர்கள் இருக்கிறார்கள். புதுப் பாஸ்போர்ட்தான் வாங்க வேண்டும். அதில் எண் மாறும். எண் மாறினால் கென்யா கொடுத்த அனுமதி செல்லாது. மஞ்சள் அட்டையிலும் பழைய எண். ஒரு சீலில் எல்லாக் காகிதமும் ஒன்றன்பின் ஒன்றாகச் செத்தன. கிறிஸ்துமசோ நெருங்கிக்கொண்டிருந்தது. நான் செலினுக்குப் போன் செய்தேன். அவள் முழுவதையும் கேட்டாள். பிறகு, “மாமாவ ஒண்ணும் சொல்லாதீங்க” என்றாள்.

சொல்ல எங்கே இடம் இருந்தது? மாமா குட்டிக் கதவைச் சாத்தி, சங்கிலி போட்டு, பூட்டிவிட்டு, கேட்டுக்கு வெளியே நின்றுகொண்டிருந்தார். வெளியே வர வழி இல்லாமல் மாமி உள்ளேயிருந்து கூப்பிட்டுக்கொண்டிருந்தார்.

மறுநாள் பாஸ்போர்ட் ஆபீசுக்கு அவரும் வந்தார். நான் வேண்டாம் என்றேன். கேட்கவில்லை. அங்கே அதிகாரி பக்கத்தைப் பார்த்தார். திருப்பிப் பார்த்தார்.

“இது எந்த நாட்டு சீல்?”

மாமா முன்னால் வந்தார். “நம்ம மில்லுங்க, சார்.”

“மில்லு மூடிட்டாங்களே?”

“கேட்டு இருக்குதுங்க.”

“யார் குத்துனது?”

“நான்தாங்க. கொழந்த மேல தப்பில்ல. இந்தத் தம்பி மேலயும் தப்பில்ல. புடிக்கணும்னா என்னப் புடிச்சிக்கங்க. புள்ளய மட்டும் அனுப்பிடுங்க. அது வெவரம் தெரிஞ்சி அவங்க அம்மாவ இன்னும் பாக்கலிங்க.”

அதிகாரி அவரைப் பிடிக்கவில்லை. விளக்கம் எழுதிக் கொடுக்கச் சொல்லி, அவசரப் பிரிவில் விண்ணப்பத்தை வாங்கிக்கொண்டார். அந்த விளக்கத்தை நான்தான் எழுதினேன். ‘மேற்படி கேட்’ என்ற சொல்லை என் வாழ்நாளில் அன்றுபோல் அத்தனை முறை எழுதியதில்லை.

பிறகு விசாரணைக்கு ஒரு போலீஸ்காரர் சாதாரண உடையில் வந்தார். லூயி இந்த வீட்டில்தான் இருக்கிறானா என்று தெரிந்துகொள்ள வேண்டும். தெருவில் முதலில் கண்ணில் பட்ட மாமாவிடம் வழி கேட்டார். மாமா அன்றைக்கு யாரையும் எதுவும் கேட்பதில்லை என்று முடிவு செய்திருந்தார். ஆனாலும் வாய் கேட்கவில்லை. “நீங்க யாரு? எதுக்கு? எப்ப திரும்பிப் போவீங்க?” என்று கேட்டுவிட்டார். போலீஸ்காரர் அடையாள அட்டையைக் காட்டினார். மாமா அதில் இருந்த போட்டோவையும் அவர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்து, மீசை இதில் இல்லையே என்றார். போலீஸ்காரர் அந்த மீசையைப் பற்றிக் கொஞ்சம் விளக்கம் சொல்ல வேண்டியிருந்தது. எங்கள் வீட்டுக்கு வந்தபோது அவருக்குத்தான் தண்ணீர் தேவைப்பட்டது.

அதோடு மாமா நிறுத்திவிட்டார். சீலைத் துணியில் சுற்றி எங்கோ வைத்துவிட்டார். குட்டிக் கதவின் பூட்டைத் திறக்கவே இல்லை, வீட்டில் எல்லாரும் பெரிய கதவைத் தள்ளிக்கொண்டு போய் வந்தார்கள். தெருவில் ஒரு பையன் சிங்கப்பூருக்குக் கிளம்பி, வழக்கம்போல் கேட்டுக்கு முன்னால் வந்து நின்றான். மாமா, “போயிட்டு வாடா” என்று மட்டும் சொன்னார். அவன் கொஞ்ச நேரம் நின்று பார்த்தான். பிறகு எங்கள் வீட்டுக்கு வந்து, “மாமாவுக்கு ஒடம்பு சரியில்லையாண்ணே?” என்று கேட்டான்.

புதுப் பாஸ்போர்ட் வந்தது. திரும்ப விண்ணப்பம் போட்டோம். மஞ்சள் அட்டையில் எண்ணைத் திருத்தி வாங்கினோம். கென்யா அனுமதி வந்தபோது பெட்டி கட்டியே ஆகிவிட்டிருந்தது. வண்டி ஏறும்போது லூயி ஓடிப்போய்ப் பூட்டிய குட்டிக் கதவுக்கு முன்னால் காலைச் சேர்த்து நின்றான். மாமா அவன் தலையைத் தடவினார். கேள்வி எதுவும் கேட்கவில்லை. லூயி வழி முழுக்கக் கோபமாகவே வந்தான்.

நைரோபியில் இறங்கினோம். வரிசை நகர்ந்தது. நான் காகிதங்களை இன்னொரு தடவை எண்ணிப் பார்த்தேன். கண்ணாடிக்குப் பின்னால் ஒரு பெண் அதிகாரி. காகிதங்களைப் பார்த்தார், எங்கள் முகங்களைப் பார்த்தார், முத்திரை குத்தினார், போகலாம் என்று கை காட்டினார். அவ்வளவுதான். இதற்கா அத்தனை நாள் நின்றோம் என்று இருந்தது.

லூயி நகரவில்லை. காலைச் சேர்த்து நின்று, மேஜைக்கு எட்டாத உயரத்திலிருந்து ஆரம்பித்தான். “பேரு லூயி. கூட வர்றது அப்பா. அது அக்கா. பிளாஸ்டிக்கு இல்ல. கருவாடு இல்ல. மாமா எடுத்துக்கினாங்க.” எனக்குப் பின்னால் ஒரு விமானமே காத்துக்கொண்டிருந்தது. இவன் என்ன சொல்கிறான் என்று அதிகாரி கேட்டார். ஜெனி தனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் சொன்னாள். இவனைக் கேள்வி கேட்க வேண்டும், இல்லாவிட்டால் வரமாட்டான், கடைசிக் கேள்வி அம்மா எங்கே என்பது என்று.

அதிகாரி எழுந்து, மேஜைக்கு மேலாகக் குனிந்து, அவனைப் பார்த்து அதைக் கேட்டார். ஜெனி தமிழில் சொன்னாள்.

லூயி என் சட்டைப் பையில் இருந்த போனைப் பார்த்தான். பிறகு கண்ணாடிக்கு அந்தப் பக்கம் பார்த்தான். “தெரில” என்றான். “இனிமேதான் பாக்கணும்.”

ஜெனி அதை ஆங்கிலத்தில் சொன்னதும், “அப்படியானால் போய்ப் பார்” என்றார் அதிகாரி.

வெளியே செலின் நின்றிருந்தாள். ஜெனி ஓடிப்போய்க் கட்டிக்கொண்டாள். லூயி கிட்டே போய் நின்றான். செலின் முட்டி போட்டு உட்கார்ந்தாள். கையை நீட்டவில்லை. அவனாக வரட்டும் என்று இருந்தாள். அவன் ஆள்காட்டி விரலை அவள் கன்னத்தில் வைத்து, போனில் தள்ளுவோமே அதுமாதிரி, மேல்நோக்கித் தள்ளிப் பார்த்தான். அம்மா மாறவில்லை. திரும்பவும் தள்ளினான். கன்னம் ஈரமாக இருந்தது. விரலைப் பார்த்தான். பிறகு கழுத்தைக் கட்டிக்கொண்டு இறங்கவே இல்லை. கொஞ்ச நேரம் கழித்து அவன் தலைக்கு மேலாக என்னைப் பார்த்து, மூக்கை உறிஞ்சிக்கொண்டு செலின் கேட்ட முதல் வார்த்தை, “கருவாடு எங்க?”

லீவு முடிந்தது. பிரிந்து வந்ததைப் பற்றி எழுதப்போவதில்லை. சென்னையில் மஞ்சள் அட்டையைக் காட்டி இறங்கி, பஸ் பிடித்துச் சாரம் வந்தோம். தெருவுக்குள் நுழைந்ததும் லூயி என் கையை விட்டுவிட்டு நேராக வடக்கு கேட்டுக்குப் போய் நின்றான். மாமா வெளியே ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருந்தார்.

“கேளுங்க மாமா” என்றான்.

“மாமா கேக்கறத வுட்டுட்டேன்டா.”

லூயி காலைச் சேர்த்து நின்றுகொண்டே இருந்தான். மாமா என்னைப் பார்த்தார். நான் பெட்டியைப் பார்த்துக்கொண்டிருந்தேன். கடைசியில் அவர் எழுந்து, சங்கிலியை அவிழ்த்து, குட்டிக் கதவுக்கு உள்ளே போய் ஸ்டூலில் உட்கார்ந்தார். மேனேஜர் முகம் சரியாக வரவில்லை.

“அம்மா எங்க இருக்காங்க?”

“கென்யால. ஆஸ்பத்திரில வேல செய்றாங்க. வெயில் லீவுல வந்துடுவாங்க. ரிட்டன் டிக்கெட் எடுத்துட்டாங்க.”

மாமா நிஜமா என்பது போல என்னைப் பார்த்தார். இந்த முறை லீவு உறுதி என்று நான் தலையாட்டினேன். அவர் கண்ணாடியைக் கழற்றி, சட்டை நுனியால் வெகு நேரம் துடைத்தார். லூயி உள்ளங்கையை நீட்டினான்.

“உள்ள வர்றவங்களுக்கு சீல் கெடையாதுடா. மில்லு ரூலு.”

லூயி கையை எடுக்கவில்லை. மாமா காதில் செருகியிருந்த பேனாவை எடுத்து, அந்தச் சின்னக் கையில் ‘வந்தாச்சு’ என்று எழுதினார். அடுத்து ஜெனி நீட்டினாள். அவளுக்கும் எழுதினார்.

நான் பெட்டியைக் கீழே வைத்தேன். தெருவில் யாராவது பார்க்கிறார்களா என்று ஒருமுறை திரும்பிப் பார்த்துவிட்டு, நானும் கையை நீட்டினேன்.